கலங்காத பால்

பிரான்ஸ் தேசத்தின் நடுப்பகுதியில், லுவார் நதி மேற்கு நோக்கிப் பாயும் துரேன் பிரதேசத்திலே, தூர் நகரத்துக்குத் தெற்கே சேன்த் மோர் த துரேன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரின் பெயரைத் தாங்கிய வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டிக்கு 1990ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. வரையறுத்த எல்லைக்குள் வளரும் ஆடுகளின் காய்ச்சாத பாலைக்கொண்டு, வரையறுத்த முறைப்படி செய்தாலன்றி வேறெவரும் அப்பெயரைச் சூட்டலாகாது.

அவ்வெல்லைக்குள் ஒரு தம்பதியர் நடத்தும் சிறு பண்ணையைப் பார்க்கும் வாய்ப்பு வசந்தகாலத்தில் எனக்குக் கிட்டிற்று. பழுப்பு உடலும் முதுகில் கறுப்புக் கோடும் உடைய ஆல்பைன் இனத்து ஆடுகள் ஐம்பது அறுபது இருக்கும். ஒவ்வொன்றும் நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் கறக்கும் என்றார் பண்ணைக்கார அம்மையார். விடியற்காலையில் அவை ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு கறவை மேடையில் ஏறி, கம்பிச் சட்டத்துக்குள் கழுத்தை நுழைத்துத் தானியம் தின்னத் தொடங்கியதும், அந்த அம்மையார் ஒவ்வொரு மடியையும் துடைத்து, முதற்பாலைக் கருநிறக் கிண்ணமொன்றில் பீச்சி, அதில் திரிதிரியாக ஏதேனும் தென்படுகிறதா என்று கூர்ந்து நோக்கிய பிறகே கறவைக் கருவியைப் பொருத்தினார். மடிநோயை முதலில் காட்டிக்கொடுப்பது அந்தத் திரிதான்.

கறந்த பாலைப் பம்பு வைத்துத் தள்ளாமல், சரிவான ஒரு சிறு குழாயின் வழியே தானாகவே இறங்கி அடுத்த அறைக்குச் செல்லும்படி விட்டிருந்தார்கள். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு என்றே பார்ப்பவர் நினைப்பர். ஆனால் அந்தப் பண்ணையின் சாஸ்திரம் முழுவதற்கும் அதுவே ஆதாரம் என்பது என் அபிப்பிராயம். பாலிலுள்ள கொழுப்பு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளிகளாக, ஒவ்வொரு துளியும் மெல்லிய சவ்வொன்றினால் மூடப்பெற்று மிதக்கிறது. பம்பு அடித்தாலும், உயரத்திலிருந்து ஊற்றி நுரைக்கவைத்தாலும் அச்சவ்வு கிழியும். கிழிந்தவுடன், பாலிலேயே இயற்கையாக அமைந்துள்ள லைப்பேஸ் என்னும் நொதி கொழுப்பைத் தாக்கி, அதிலிருந்து கொழுப்பமிலங்களைப் பிரித்துவிடும். பசும்பாலில் இந்த நொதியின் பெரும்பகுதி கொழுப்பைவிட்டு விலகியே இருக்க, வெள்ளாட்டுப் பாலிலோ அதில் கணிசமான பங்கு கொழுப்பை ஒட்டியே இருப்பதனால், இந்த அபாயம் இங்கே அதிகம். அவ்வாறு பிரியும் அமிலங்களுள் ஒன்றான 4-எதில் ஆக்டனோயிக் அமிலம், கிடாயின் உடம்பிலிருந்து வீசும் மொச்சைக்கும் காரணமான அதே பொருள். அதன் உறவுப் பொருளான 4-எதில் ஆக்டனால் கிடாயின் தலைமயிரிலிருந்து கிளம்பிப் பெட்டையின் மூளையை எட்டி, இனப்பெருக்க சுரப்புகளைத் தூண்டுகிறதென்று 2014இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். வெள்ளாட்டுப் பால் என்றாலே முகத்தைச் சுளிப்பவர்கள் ஆட்டின்மேல் போடும் பழியில் பெரும்பங்கு, பாலை முரட்டுத்தனமாகக் கையாண்ட மனிதனுக்கே சேரும்.

அடுத்த அறையில் நடக்கும் காரியம் நம் வீட்டுப் பெண்மணிகள் நேற்றைய மோரைக்கொண்டு இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதேயன்றி வேறில்லை. முந்தைய நாள் தயிரிலிருந்து வடிந்த தெளிநீரைச் சிறிதளவு இளஞ்சூடான பாலில் கலக்கிறார்கள். அந்நீரில் வாழும் நுண்ணுயிர்கள், பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றத் தொடங்குகின்றன. இதனோடு, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட்டையும் சேர்க்கிறார்கள். ஆனால் வேறு கட்டிகளுக்கு வேண்டிய அளவில் ஒரு சிறு பங்கே. பிறகு, 20 டிகிரி செல்சியஸுக்கு அண்மையான உஷ்ணத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் அதை அசைக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் தாமதத்துக்குள் ஒரு நுட்பமான ரசாயனம் இருக்கிறது. பாலின் புரதமாகிய கேசின், கால்சியம் பாஸ்பேட்டினால் பிணைக்கப்பட்ட நுண்திரள்களாகப் பாலில் சஞ்சரிக்கின்றது. ரென்னெட்டை நிறையச் சேர்த்து அரைமணியில் உறையவைத்தால் அந்தச் சுண்ணாம்புச் சத்து தயிரிலேயே தங்கி, கட்டி இறுகிய ரப்பர்த் தன்மை பெறும். அமிலம் மெல்ல மெல்ல ஏறும்போதோ, கால்சியம் சிறிது சிறிதாகக் கரைந்து நீரோடு வெளியேறிவிட, அமிலநிலை 4.6 என்ற எண்ணை நெருங்குகையில் கேசின் தன் மின்னூட்டத்தை இழந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, நாவில் வைத்த மாத்திரத்தில் கரையும் மிருதுவான தயிர் உண்டாகிறது. மிருதுவாயிருப்பதனாலேயே அது எளிதில் உடைந்தும் போகும். ஆகையால் அம்மையார் அகன்ற கரண்டியால் அதைத் தகடுதகடாக அரிந்தெடுத்து, துளைகள் நிறைந்த நீண்ட அச்சின் வாய்க்கு மிக அருகே கரண்டியைக் கொண்டுபோய், ஊற்றாமல் வழுக்கி இறக்கினார். அச்சு நிறைந்ததும் நீர் வடிந்து தயிர் அமிழ்ந்தது, மறுபடி நிரப்பினார். 250 கிராமுக்குக் குறையாத ஒரு கட்டிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பால் இவ்வாறு செலவாகிறது.

எல்லா ஆட்டின் பாலும் ஒரேவிதமாய் உறைவதில்லை என்பது பண்ணைக்காரர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். அதன் காரணத்தை 1980களில் குரோக்ளோட் முதலிய பிரெஞ்சு விஞ்ஞானிகள் விளக்கினார்கள்: கேசின் வகைகளுள் ஒன்றான ஆல்பா-எஸ்1 சில ஆடுகளின் பாலில் மிகுந்தும், சிலவற்றில் மிகக் குறைந்தும், வேறு சிலவற்றில் அறவே இல்லாமலும் இருக்கிறது, அது பரம்பரையாக வரும் குணம். அப்புரதம் மிகுந்த பால் கெட்டியாய் உறைந்து கட்டியும் அதிகம் தருமாதலால், அத்தகைய கிடாய்களையே பொலிக்குத் தேர்ந்தெடுக்கலாயினர்.

அச்சிலிருந்து எடுத்த கட்டியின் நீளவாட்டில் ரை என்னும் தானியப்பயிரின் வைக்கோல் ஒன்றைச் செருகுகிறார்கள். ஈரமான கட்டி முறியாமல் தாங்குவது அதுவே. மேலே உப்பும் மரக்கரித் தூளும் தூவி, குளிர்ந்த ஈரமான அறையில் குறைந்தது 10 நாள் வைக்கிறார்கள். அங்கே ஜியோட்ரிக்கம் என்ற பூஞ்சை முதலில் குடியேறி, மேற்பரப்பிலுள்ள லாக்டிக் அமிலத்தை உண்டு புளிப்பைத் தணிக்க, பின்னர் நீலச்சாம்பல் பூஞ்சைகள் படருகின்றன. மூன்று வாரம் முதிர்ந்த கட்டியொன்றை அம்மையார் குறுக்கே அறுத்துக் காட்டியபோது, சுருக்கம் விழுந்த சாம்பல் தோலுக்குள்ளே ஒரு விரற்கடைக்கும் குறைவான அகலத்தில் பளபளப்பாக இளகிய வளையமும், அதனுள்ளே சுண்ணாம்பு வெண்மையாய் உலர்ந்த நடுப்பகுதியும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. புளிப்புத் தணிந்த ஓரத்தில் புரதம் சிதைந்து இளகுகிறது. நடுவில் இன்னும் அமிலம் ஆட்சி செய்கிறது. உலர்ந்த பழக்கொட்டையின் ருசி ஓரத்திலும், இளம்புளிப்பு நடுவிலும் இருந்தன. மொச்சை எங்கும் இல்லை.

காய்ச்சாத பாலைப் பற்றி ஒரு வார்த்தை. மால்டா ஜுரத்தின் கிருமிகளை வெள்ளாடுகள் சுமக்கின்றன என்று தெமிஸ்டோக்ளிஸ் ஜம்மித் 1905இல் நிரூபித்த பிறகு, பச்சைப் பாலை அலட்சியமாகக் கருதுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. மந்தையைச் சோதிப்பதும், பாலையும் கட்டியையும் லிஸ்டீரியா முதலிய கிருமிகளுக்காகப் பரிசோதிப்பதும் அங்கே விடாமல் நடக்கின்றன. அப்படியும் கர்ப்பிணிகள் இதனை உண்ணலாகாது என்பதே அந்நாட்டு வைத்தியர்களின் அறிவுரை.

வெள்ளாடு பகற்பொழுது குறுகும்போது சினைப்பருவத்துக்கு வரும் பிராணி. கோடை முடிவில் கிடாயோடு சேர்த்தால் 150 நாள் சினை தாங்கி, குளிர்காலத்தின் பின்பகுதியில் ஈனும். அதற்கு முன் இரண்டு மாதம் பால் வற்றவிட வேண்டும். கொட்டிலில் விளக்கெரித்து நீண்ட பகலைப் போலி செய்து, ஆடுகளின் பருவத்தை மாற்றி ஆண்டு முழுவதும் பால் பெறுவோர் அத்தேசத்தில் உண்டு. இந்தத் தம்பதியர் அதைச் செய்வதில்லை. பிப்ரவரியில் குட்டிகள் பிறந்தபின் சீம்பால் முழுவதையும் அவற்றுக்கே விட்டு, பால் தெளிந்த பிறகுதான் முதல் அச்சை நிரப்புகிறார்கள். மார்ச் சந்தைக்கு முன்னால் கட்டி கேட்டு வரும் வாடிக்கைக்காரர்களிடம் இல்லை என்று சொல்லியனுப்பிவிடுகிறார்கள்.