விலைப் பலகையும் விற்பனையும்

விளைச்சலைப் பெருக்குவதில் நம் விவசாயப் பெருமக்கள் காட்டும் ஊக்கம் பாராட்டத்தக்கது. ஆயினும், விளைந்ததை நல்ல விலைக்கு விற்றாலன்றிப் பாடுபட்டதன் பலன் வீடு வந்து சேராது. விற்பனையைச் சீர்திருத்தப் பெருமுதல் வேண்டும் எனப் பலர் கருதுகின்றனர். பலகையில் எழுதும் சொல்லையும் குறிக்கும் விலையையும் சிறிது திருத்தினாலே ஆதாயம் கூடுவதுண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள அறிவர் கோயிலின் 9ஆம் நூற்றாண்டு ஓவியங்களைக் காண வெளியூர் மக்கள் வருகின்றனர். நிலக்கடலையும் முந்திரியும் பலாவும் விளையும் மாவட்டம் இது. இத்தகைய ஊர்களுக்குச் சந்தை தானே தேடி வருகிறது எனலாம்.

சொல்லின் வலிமை

2018ஆம் ஆண்டில் மத்தியத் தொல்லியல் துறை, சித்தன்னவாசல் போன்ற நினைவுச் சின்னங்களுக்கு இந்தியர் செலுத்தும் கட்டணத்தை 25 ரூபாயாக்கியது. ரொக்கமின்றிச் செலுத்துவோருக்கு 5 ரூபாய் தள்ளுபடி அளித்தது. இதையே ‘கட்டணம் 20 ரூபாய், ரொக்கமாயின் 5 ரூபாய் கூடுதல்’ என்றும் எழுதியிருக்கலாம். கணக்கு ஒன்றே, கேட்பவர் மனநிலை வேறு. கூடுதலாகக் கொடுப்பதை மக்கள் இழப்பாகக் கருதுவர். 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்டு தேலர் 1980ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துக்காட்டினார்.

ஆகவே, ‘சில்லறையாக வாங்கினால் விலை அதிகம்’ என்பதைக் காட்டிலும், ‘ஐந்து பொட்டலம் வாங்கினால் 5 ரூபாய் குறைவு’ என்பதே நன்று. ‘கடலை கிடைக்கும்’ என்பதற்குப் பதிலாக, ‘இன்று வறுத்த நிலக்கடலை, 100 கிராம், 20 ரூபாய்’ என எழுதினால் வாங்குவோர் ஐயம் நீங்கும்.

விலைக் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு பொட்டலத்துக்கு அடக்கவிலை 16 ரூபாய், விற்கும் விலை 20 ரூபாய் என்று கொள்வோம். 100 பொட்டலம் விற்றால் ஆதாயம் 400 ரூபாய். விலையை 21 ரூபாயாக்கினால், 80 பொட்டலம் விற்றாலே அதே 400 ரூபாய் கிடைக்கும். 90 விற்றால் 450 ரூபாய். மாறாக, விலையை 18 ரூபாயாகக் குறைத்தாலோ, பழைய ஆதாயத்தைப் பெற 200 பொட்டலம் விற்க வேண்டும். அண்டைக் கடைக்காரரோடு போட்டியிட்டு விலையைக் குறைப்போர் இக்கணக்கை முன்னதாகப் போட்டுப் பார்த்தல் வேண்டும். கூலியையும் விறகுச் செலவையும் அடக்கவிலையில் சேர்க்க மறத்தலாகாது.

எந்த விலை ஏற்றது என்பதை அனுபவமே காட்டும். இரு வாரம் ஒரு விலை, அடுத்த இரு வாரம் மற்றொரு விலை என விற்று, நாள்தோறும் குறிப்பேட்டில் பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமையோடே ஒப்பிடுதல் முறையாகும். ஒரே சமயத்தில் சொல்லையும் விலையையும் மாற்றினால், பலன் எதனால் விளைந்தது என்பது விளங்காது.

நாணயமே அடிப்படை

எழுதுவது உண்மையாக இருத்தல் வேண்டும். நேற்று வறுத்ததை இன்று வறுத்தது என்றால் ஒரு முறை விற்கும், மறுமுறை விற்காது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரைப் பிற ஊர்ச் சரக்குக்குச் சூட்டலாகாது. பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பதும் குற்றமாகும். 1999ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் அன்றைய விலையைப் பலகையில் அறிவிக்கும் முறை, வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் நம்பிக்கை தருவதைக் காண்கிறோம்.

ஊராட்சியின் பணி

விற்போர்க்கு நிழலுள்ள இடம் ஒதுக்குதல், தெளிவான விலைப் பலகை அமைத்தல், சரியான தராசு வைத்திருக்கச் செய்தல், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குக் கணக்கெழுதப் பயிற்சி அளித்தல் ஆகியவற்றில் ஊராட்சி உறுப்பினர்கள் கருத்தூன்றலாம். செலவு சிறிது, பல குடும்பங்களின் அன்றாட வருவாய் இதனால் உயரக்கூடும்.