வாங்கிய பாட்டுக்குக் கணக்கு

ஓசையின் ஊர்கள் – 11

லெட் செப்பலின் பெரிதா, அவர்களுக்குப் பின்னால் வந்து அரங்குகளை நிறைத்தவர்கள் பெரிதா என்ற கேள்வியில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். ராக் ரசிகர்களின் இந்தத் தீராத வழக்கில் ஒரு தரப்பு ‘கிளாசிக்’ என்ற சொல்லைத் தூக்கிப் பிடிக்கிறது. இன்னொரு தரப்பு டிக்கெட் விற்ற கணக்கைக் காட்டுகிறது. இரண்டையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ‘கிளாசிக் ராக்’ என்பது இசைக்கலைஞர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே அல்ல. 1980-களில் அமெரிக்க எஃப்.எம். நிலையங்கள், 60-களிலும் 70-களிலும் வந்த பாட்டுகளைக் கேட்டு வளர்ந்து, இப்போது சம்பாதிக்கும் வயதை எட்டிவிட்ட நேயர்களைப் பிடித்துவைக்கக் கண்டுபிடித்த நிகழ்ச்சி வகை அது. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை 1969-ல் லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை மதிக்கவில்லை. குறை சொல்லித்தான் எழுதியது. அதே பத்திரிகை 2003-ல் வெளியிட்ட தலைசிறந்த 500 ஆல்பங்களின் பட்டியலில் அதே தட்டு 29-வது இடத்தில் இருந்தது. தட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. கேட்டவர்களுக்கு வயதாகியிருந்தது, அவ்வளவுதான். ஆகவே பழசு என்பதும் ஜெயித்தது என்பதும் தகுதிக்குச் சான்று ஆகா. வேறு அளவுகோல் வேண்டும். அதைத் தேடி லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. நம் எல்லையிலேயே இருக்கிறது.

மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு மேற்கே, கர்நாடகத்துக்குள் தமிழ் பேசும் ஊர் கோபிநத்தம். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை மைசூரு மாவட்டத்தில் இருந்தது. வீரப்பன் பிறந்த ஊர் என்ற ஒரே செய்தியோடு வெளியுலகம் இதை மறந்துவிடுகிறது. ஆனால் இந்தக் காட்டுப் பக்கத்துக்கு அதைவிடப் பழைய பெயர் ஒன்று உண்டு: மாதேஸ்வரன் மலை. சேலம், ஈரோடு, தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் மைசூரு, மண்டியா பக்கத்திலிருந்தும் கூட்டம் ஏறும் மலை அது. அந்தச் சாமியின் கதையைப் பாடுவதற்கென்றே தீட்சை பெற்றவர்கள் தேவரகுட்டர்கள். அவர்கள் கையில் இருப்பது கம்சாளே: இடது உள்ளங்கையில் கிண்ணம் போன்ற ஒரு வெண்கலத் தாளம், வலது கையில் கயிற்றில் கட்டிய இன்னொன்று. கயிற்றை வீசி, தலையைச் சுற்றி, குனிந்து, எகிறி, அடுத்தவரின் தாளத்தில் தட்டி, மீண்டும் தன் தாளத்துக்கு வருவார்கள், லயம் நழுவாது. மேடையில் குதிப்பதெல்லாம் இசையா என்று ராக் கச்சேரியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும். குதிப்பதைத் தாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று நினைப்பவர்களும் பார்க்கலாம்.

இந்த மாதேஸ்வரர் காவியம் ‘சாலு’ எனப்படும் பகுதிகளாகப் பாடப்படுகிறது. அவற்றில் மனதை அறுப்பது சங்கம்மாவின் சாலு. காட்டுக்குப் போகும் கணவன் நீலேகவுடன், தன் கற்புக்குச் சத்தியம் செய்து தரும்படி சங்கம்மாவைக் கேட்கிறான், அவள் மறுக்கிறாள். அவளை வதைத்து, தனியே அடைத்துவிட்டுப் போகிறான். பிச்சைக்கு வரும் ஜங்கமராக மாதேஸ்வரர் அவள் வாசலுக்கு வந்து, பிள்ளையில்லாத அவளுக்கு காரய்யா, பில்லய்யா என இரண்டு பிள்ளைகளை அருள்கிறார். அந்த ஜங்கமரைப் பாடும் பாட்டு ‘கோலுமண்டெ’. டி.எஸ். நாகாபரணா இயக்கிய ‘ஜனுமத ஜோடி’ 1996-ல் வந்தபோது, வி. மனோகரின் இசையில் இந்தப் பாட்டு சினிமாவுக்குள் நுழைந்தது. பாடிய எல்.என். சாஸ்திரிக்கு மாநில விருது கிடைத்தது. மலையில் இரவு முழுக்க நீளும் கதையின் ஒரு துண்டு சில நிமிடப் பாட்டாகச் சுருங்கியது உண்மைதான். ஆனாலும் வாசலில் நின்று அழைக்கும் அந்தக் குரலின் தோரணை சுருங்கவில்லை.

2020 ஆகஸ்டில் சந்தன் ஷெட்டி அதே பாட்டை ராப் வடிவில் வெளியிட்டார். உடனே எதிர்ப்பு எழுந்தது. காணொளியை எடுத்துவிட நேர்ந்தது. இந்த நிகழ்ச்சியை ‘பழமை வென்றது, புதுமை தோற்றது’ என்று எழுதி முடித்துவிடலாம். அது சோம்பேறிக் கணக்கு. பக்தர்களின் முறையீட்டைக் கவனித்தால், குறை தாளத்தின் மேல் அல்ல. சங்கம்மாவைக் காட்டிய விதம் கொச்சை என்பதே அதன் சாரம். சத்தியம் செய்ய மறுத்து அடிவாங்கிய ஒரு பெண்ணின் கதை அது. அவளுடைய மறுப்பு கேட்காமல் போனால், மிஞ்சுவது கேட்கப் பழகிய மெட்டு மட்டும். ராப் இதைச் செய்தே தீரும் என்பதில்லை. அடுக்கடுக்காகச் சொல்லைக் கொட்டிக் கதை சொல்ல ராப்பைப்போல் வாகான வடிவம் இல்லை; சங்கம்மாவே பேசுவதாக ஒருவர் அதை எழுதியிருந்தால் தேவரகுட்டர்களுக்கு அடுத்த வாரிசாகக்கூட ஆகியிருக்கலாம்.

இங்கிருந்து அளவுகோலைச் சொல்லிவிடலாம். எந்த இசைக்கலைஞரும் வெறுங்கையோடு வருவதில்லை. யாரிடமிருந்தோ வாங்கித்தான் பாடுகிறார். வாங்கிய பாட்டில் அதுவரை கேட்காத எதைக் கேட்க வைத்தார், அதற்காக எதைக் கேட்காமல் ஆக்கினார் என்ற வரவும் செலவும்தான் அவர் தகுதி. லெட் செப்பலினையே இதில் நிறுத்திப் பார்க்கலாம். வில்லி டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962-ல் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டின் சாயல், 1969-ல் வந்த அவர்களுடைய ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டில் இருந்தது. டிக்ஸன் 1985-ல் வழக்குப் போட்டார். 1987-ல் சமரசம் ஆனது. பிறகு அவர் பெயரும் பாட்டில் ஏறியது. கித்தாரின் அந்தக் கனத்த, திரும்பத் திரும்ப இடிக்கும் ஓசை டிக்ஸனிடம் இல்லாதது, அது வரவு. டிக்ஸனின் பெயரை அத்தனை ஆண்டுகள் கேட்கவிடாமல் வைத்தது செலவு. இரண்டையும் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

கன்னடத்தில் இதே வழக்கு ஷிஷுநாள ஷரீஃபின் பாட்டுகளை வைத்து நடக்கிறது. 19-ம் நூற்றாண்டின் அந்த ஞானியை இன்றைய வீடுகளுக்குள் கொண்டுவந்தவர் சி. அஷ்வத், நாகாபரணா 1990-ல் எடுத்த ‘சந்த ஷிஷுநாள ஷரீஃபா’வுக்கு இசையும் அவரே. மைசூருவில் வளர்ந்த ரகு தீட்சித் 2008-ல் வெளியிட்ட ஆல்பத்தில் ஷரீஃபை கித்தாரோடும் டிரம்ஸோடும் பாடினார். அஷ்வத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது சத்தமாகப் படலாம். ஆனால் அஷ்வத்தின் ஆர்மோனியமும் வயலின் வரிசையும் ஷரீஃப் காலத்துச் சொத்தா? அஷ்வத் ஷரீஃபின் ஏக்கத்தைக் கேட்க வைத்தார். ரகு அவருடைய குறும்பை. ஒருவரின் வரவு இன்னொருவரின் கணக்கில் இல்லை. இருவரில் யார் பெரியவர் என்று அடித்துக்கொள்வதைவிட, ஷரீஃபில் இன்னும் கேட்காத பக்கம் எது என்று தேடுவது பயனுள்ள வேலை.

இதற்கு மூன்று மறுப்புகள் வரலாம். பக்தர்களின் மனவருத்தத்தை இசையின் அளவுகோலாக்கலாமா என்பது முதலாவது. கூடாது. கோபித்தவர்களின் எண்ணிக்கை, ரசித்தவர்களின் எண்ணிக்கையைப்போலவே, வெறும் எண். ‘கோலுமண்டெ’யில் நான் எண்ணுவது கோபத்தை அல்ல, கதையில் காணாமல்போன பெண்ணை. பாட்டுக்குப் பின்னால் கதையே இல்லாத வெறும் ஆட்டப் பாட்டை எப்படி அளப்பது என்பது இரண்டாவது. அங்கேயும் கொடுக்கல் வாங்கல் உண்டு; தாளத்தை யாரிடம் வாங்கினார், அதில் ஒரு புது அசைவாவது சேர்த்தாரா என்று கேட்கலாம். சேர்க்கவில்லை என்றால் கோடிப் பேர் ஆடினாலும் வரவுப் பக்கம் காலி. மூன்றாவதுதான் வலுவானது: அரை நூற்றாண்டு தாங்கி நிற்பதற்கு மதிப்பே இல்லையா? உண்டு. பல தலைமுறைக் காதுகளைக் கடந்து வந்த பாட்டில் ஏதோ சத்து இருக்கும் என்று ஊகிப்பது நியாயம். ஆனால் எந்தப் பாட்டு தாங்கும் என்பதில் ரிக்கார்டு கம்பெனிக்கும் வானொலிக்கும் சினிமாவுக்கும் பெரும் பங்கு உண்டு. சினிமா எடுத்த ஒரு துண்டு கர்நாடகம் முழுக்கப் பரவியது. கம்சாளே கலைஞர் இரவெல்லாம் பாடும் மீதிச் சாலுகள் பிளேலிஸ்ட்டில் இல்லை. அதனால் அவற்றின் தரம் குறைந்துவிடாது.

‘கிளாசிக்’ பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்ற சண்டையில் சங்கம்மாவுக்கு அக்கறை இருக்காது. அவள் வாசலுக்கு ஜங்கமர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்: வெண்கலத் தாளத்தோடு ஒருவர், மைக்கோடு ஒருவர், நாளை கணினியோடு ஒருவர். பிச்சை கேட்டு நிற்பவர் அவளுக்கு என்ன கொடுத்துவிட்டுப் போகிறார் என்பதில்தான் இருக்கிறது கதை.

அடுத்த வாரம், 2018 ஜனவரியில் பறையையும் கானாவையும் ராக் கித்தாரோடு சென்னை மேடையில் ஏற்றிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் கணக்கைப் பார்ப்போம்.

(தொடரும்)