காரைக்காலுக்கு 2 நாள் ட்ரிப்: எப்போ போகலாம், என்ன சாப்பிடலாம், எதில் கவனம் தேவை?

இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போனவர்கள் போடும் ரீல்ஸ் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். மீன் சந்தை, பழைய தேவாலயம், கிரேக்கர், அரபியர், நார்மானியர் என்று வந்துபோன ஆட்சியாளர்களின் மிச்சங்கள், சாயங்காலம் தெருவோரக் கடையில் சுடச்சுடப் பொரித்த தின்பண்டம். விசா, விமான டிக்கெட் செலவைக் கூட்டிப் பார்த்ததும் அந்த ஆசை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

இந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே காவிரிப் படுகையின் கடலோரத்திலும் இருக்கிறது. ஆனால், காரைக்கால் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது திருநள்ளாறு மட்டும்தான். சனிக்கிழமை காலை வேனில் வந்து, குளித்து, சாமி கும்பிட்டு, மதியத்துக்குள் அடுத்த கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த ஊரை 2 நாள் நிதானமாகப் பார்ப்பது எப்படி?

காரைக்கால் ஏன் தனி?

நிலத்தில் ஒரு தீவு என்று காரைக்காலைச் சொல்லலாம். கிழக்கே வங்கக் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. நிர்வாகமோ சுமார் 130 கி.மீ. தள்ளியிருக்கும் புதுச்சேரியிடம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2 லட்சத்துக்குச் சற்று அதிகம்.

இதற்குக் காரணம் வரலாறு. தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பகுதியைப் பெற்றார்கள். இடையில் ஆங்கிலேயரிடம் போய்த் திரும்பியது தனிக்கதை. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இன்றும் ஊராட்சிக்கு இங்கே ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்றுதான் பெயர். போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பியும் அந்தக் காலத்து மிச்சம்தான்.

எப்போ போகலாம்?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மீன் சாப்பிடவே போகிறோம் என்றால் மே மாத லீவு சரிப்படாது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சிறு படகுகள் கொண்டுவருவது மட்டுமே கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் கரையிலேயே நிற்கும்.

வெயில் பரவாயில்லை என்பவர்களுக்கு ஆனி மாதம் பொருத்தமான நேரம். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போயிருக்கும். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி காரைக்கால் அம்மையார் கோயிலில் மாங்கனித் திருவிழாவும் நடக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்கும் கூட்டம் தாவிப் பிடிக்கும். அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் முன்கூட்டியே புக் செய்துவிடுங்கள். கூட்டமும் வெயிலும் வேண்டாம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை வரலாம்.

எப்படிப் போவது?

சென்னை எழும்பூரிலிருந்து இரவு ரயில் உண்டு. காலையில் காரைக்காலில் இறங்கலாம். சாலை வழி ஏறத்தாழ 280 கி.மீ.; கிளாம்பாக்கத்திலிருந்து பஸ் கிடைக்கும். திருச்சி, மதுரை பக்கமிருந்து வருபவர்கள் தஞ்சாவூர், திருவாரூர் வழியாக வரலாம். தங்குவதற்குத் திருநள்ளாற்றைவிட காரைக்கால் டவுன் வசதி. கடற்கரை, மார்க்கெட், கோயில், தர்கா, மாதா கோயில் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும்.

முதல் நாள்: ஊருக்குள்

காலையில் அம்மையார் கோயிலில் தொடங்குங்கள். கணவர் அனுப்பிய 2 மாம்பழங்களில் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை இறைவனிடம் கேட்டுப் பெற்ற புனிதவதியின் ஊர் இது. 63 நாயன்மார்களில் பெண்கள் மூவர். அவர்களில் பாடல்கள் எழுதியவர் இவர். அழகை வேண்டாம் என்று பேயுருவைக் கேட்டு வாங்கிய இந்தப் பெண்ணின் பழைய செப்புச் சிலை ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அங்கிருந்து மஸ்தான் சாகிப் தர்கா, தேற்றரவு அன்னை ஆலயம் இரண்டுக்கும் ஆட்டோவில் போய்விடலாம். வெயில் தாழ்ந்ததும் கடற்கரை. அரசலாறு கடலில் கலக்கும் இடம் இதுதான். ஆற்றோரம் நடந்தால் மீன்பிடிப் படகுகளைப் பார்க்கலாம். முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிடலாம்?

மதியம் மீன் சாப்பாடு. மெனு கார்டைப் பார்த்து வஞ்சிரம் வறுவல் என்று ஆர்டர் பண்ணுவதைவிட, ‘இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?’ என்று கேட்பது நல்லது. சங்கரா, பாறை, மத்தி, நெத்திலி எதுவானாலும் அன்றைக்கு வந்த மீனுக்கு ருசி வேறு. வஞ்சிரத்தை மட்டுமே எல்லோரும் கேட்டால், அது வராத நாளில் ஐஸ் பெட்டியில் வெளியூரிலிருந்து வந்ததுதான் தட்டுக்கு வரும். சைவம் சாப்பிடுபவர்களும் கவலைப்பட வேண்டாம். கோயில் ஊர் என்பதால் மெஸ்ஸுக்கும் டிபனுக்கும் குறைவில்லை.

சாயங்காலம் தேட வேண்டியது வாடா. நாகூர், காரைக்கால் பக்கத்துப் பண்டம் இது. அரிசி மாவில் வெங்காயம் சேர்த்துத் தட்டி, மேலே இறாலைப் பதித்து எண்ணெயில் பொரிப்பார்கள். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். இனிப்புக்கு தம்ரூட்: ரவை, முட்டை, பால், சர்க்கரை, நெய் சேர்த்து மேலும் கீழும் சூடு கொடுத்து வேகவைப்பது. ரமலான் மாதம் என்றால் நோன்புக் கஞ்சி. ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடும் கல்யாண விருந்து மட்டும் ஹோட்டலில் கிடைக்காது. அதற்கு யாராவது நண்பர் அழைக்க வேண்டும்.

இந்த ஊர்ச் சமையலுக்குக் கடல் தாண்டிய தொடர்ச்சியும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ரீயூனியனுக்கும், 1853 முதல் மார்டினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும் கப்பல்கள் போயின. கரீபியனில் இருக்கும் அந்த 2 தீவுகளிலும் மல்லி, மஞ்சள், சீரகம் அரைத்துப் போட்டுச் செய்யும் ‘கொலோம்போ’ இன்றும் வீட்டுச் சமையல். அந்தப் பெயர் ‘குழம்பு’ என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

2-ம் நாள்: வடக்கா, தெற்கா?

காலையில் 5 கி.மீ. தொலைவில் திருநள்ளாறு. சனிக்கிழமையைத் தவிர்த்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். சனீஸ்வரன் சந்நிதிக்கு மட்டும் போய்விட்டுத் திரும்பாமல் மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரரையும் பாருங்கள். தியாகராஜருக்குரிய சப்தவிடங்கத் தலங்களில் இதுவும் ஒன்று. சனிப்பெயர்ச்சிக்கு வருபவர்களுக்கு ஒரு தகவல்: இந்தக் கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறது. 2025 மார்ச்சில் திருக்கணிதப்படி பெயர்ச்சி என்று பரபரப்பானபோது, தங்களுக்கு அது அப்போது இல்லை என்று கோயில் தரப்பு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. டிக்கெட் போடும் முன் தேதியைக் கோயிலில் உறுதிசெய்யுங்கள்.

அதன்பின் ஒரு திசையைத் தேர்ந்தெடுங்கள்.

வடக்கே போனால் சுமார் 15 கி.மீ.-ல் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு அச்சகம் அமைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது இங்கேதான். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

தெற்கே போனால் திருமலைராயன்பட்டினம், காளமேகப் புலவர் கோபத்தில் மண்மாரி பொழியப் பாடினார் என்று கதை சொல்லும் ஊர். தாண்டினால் சுமார் 10 கி.மீ.-ல் நாகூர் தர்கா. அங்குள்ள 5 மினாராக்களில் உயரமானதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். அப்படியே நாகப்பட்டினம், வேளாங்கண்ணி.

இரண்டு திசையையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் காருக்குள்ளேயே நேரம் போய்விடும்.

கவனிக்க வேண்டிய 3 விஷயங்கள்

1. பாட்டில்: புதுச்சேரி ஆட்சிப்பகுதி என்பதால் மது விலை குறைவு. ஆனால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் வழக்கு. வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர் என்று சோதனைச் சாவடிகள் உண்டு. தரங்கம்பாடிக்கும் நாகூருக்கும் போக இவற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ‘ஒண்ணுதானே’ என்று பையில் போடாதீர்கள்.

2. துணி: நளதீர்த்தத்தில் குளித்ததும் உடுத்திய துணியைக் குளத்திலேயே விடும் பழக்கம் இருக்கிறது. குவியும் துணி தண்ணீரைக் கெடுக்கும். அடுத்து குளிப்பவர் இறங்குவதும் அதே தண்ணீரில்தான். அதற்கென வைத்த இடத்தில் போடுங்கள்.

3. படகும் போட்டோவும்: மீன் இறங்கும் நேரம் அவர்களுக்கு ஏலம் நடக்கும் அவசர நேரம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள், வழியை மறிக்காதீர்கள்.

ஒரு ராத்திரி தங்குவதால் என்ன ஆகும்?

இந்த மாவட்டத்தின் 2 பெரிய பிழைப்புகள் நெல்லும் மீனும். இரண்டும் ஊரின் கையில் மட்டும் இல்லை. காவிரியின் கடைமடை இது. 2007-ல் நடுவர் மன்றம் ஒதுக்கி, 2018-ல் உச்ச நீதிமன்றமும் மாற்றாமல் விட்ட 7 டி.எம்.சி. தண்ணீர், மேட்டூரிலிருந்து வழியில் உள்ள வயல்களையெல்லாம் தாண்டி இங்கே வந்துசேர வேண்டும்.

கடலில் வேறு சிக்கல். 2025 ஜனவரியில் நெடுந்தீவு அருகே மீன்பிடித்த காரைக்கால் படகின் மீது இலங்கைக் கடற்படை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் மீனவர்கள் காயமடைந்தார்கள். 2004 சுனாமியில் ஆட்களையும் படகுகளையும் இழந்து மீண்ட கடற்கரை இது. தட்டில் வரும் மீனுக்கு இப்படியெல்லாம் ஒரு விலை இருக்கிறது.

பயணிகள் வந்தால் இந்தப் பிரச்சினைகள் தீர்ந்துவிடப் போவதில்லை. ஆனால், வேனில் வந்து அரை நாளில் திரும்புபவரின் பணம் பெரும்பாலும் அர்ச்சனைக்கும் பார்க்கிங்குக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு ராத்திரி தங்கினால் மெஸ் நடத்துபவர், வாடா சுடுபவர், ஆட்டோக்காரர், கூடையில் மீன் விற்கும் அம்மா என்று அது நாலு பேருக்குப் பிரியும். வார விடுமுறையோடு ஒரு நாள் லீவு சேர்த்தால் போதும். வெள்ளி இரவு ரயிலேறி, சனிக்கிழமை ஊருக்குள் சுற்றி, ஞாயிறு திருநள்ளாறும் ஒரு திசையும் பார்த்து, திங்கள் காலை மீன் மார்க்கெட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பலாம்.