உங்களுக்குத் தெரியுமா? பிஞ்சு முதுகும் கீரைக்கட்டும்

கொடைரோடு ஸ்டேஷனில் காலையில் மதுரை வண்டிக்கு நின்று பாருங்கள். பன்னீர் திராட்சைக் கூடைகளுக்கு நடுவே, தோளில் துணிப்பை, கையில் ஸ்கேன் உறை, இடுப்பில் மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஒரு குழந்தை என்று யாராவது ஓர் அம்மா கண்ணில் படுவார். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பயணம் அது. முதுகிலோ காலிலோ குறையோடு பிறந்த பிள்ளைகளைப் பற்றி நம் பக்கம் பேச்சு அதிகம், விவரம் குறைவு. இந்த வாரம் அந்த விவரங்கள்தான்.

*

குழந்தையின் தண்டுவடம் எப்போது உருவாகிறது தெரியுமா? கரு உண்டான 28 நாளுக்குள். முதலில் தட்டையாகக் கிடக்கும் தகட்டின் இரண்டு ஓரமும் எழும்பி, வெற்றிலையை மடிப்பதுபோல நடுவில் கூடி, குழாயாக மூடிக்கொள்ளும். கீழ்ப்பக்கம் மூடாமல் நின்றுபோனால் அதுதான் ஸ்பைனா பிஃபிடா. முதுகடியில் கொப்புளம்போல ஒரு புடைப்பு, கால்களில் பலமின்மை, சிறுநீர் கட்டுப்படாமை எல்லாம் அதிலிருந்து வருகின்றன. நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் குழாய் மூடும் வேலை முடிந்துவிடுகிறது. நாமோ மூன்றாம் மாதம்தான் நர்ஸம்மாவிடம் பெயர் பதியப் போகிறோம். ஃபோலிக் அமில மாத்திரையைப் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்னதாகத் தொடங்கச் சொல்வது இதனால்தான். தினம் 400 மைக்ரோகிராம் போதும்.

*

ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளை பிறந்த வீட்டில் அடுத்த கர்ப்பத்துக்கு முன் அந்த அளவு பத்து மடங்காகும். டாக்டர் எழுதித் தரவேண்டும். 7 நாடுகளில் நடந்து 1991-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், இப்படிச் சாப்பிட்ட தாய்மாருக்கு இந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. முதல் பிள்ளைக்கு நேர்ந்ததை நினைத்து அடுத்ததற்குப் பயந்தே இருக்கும் தம்பதிகளுக்கு இதைவிடப் பெரிய சேதி என்ன இருக்கிறது?

*

கிரகணத்தன்று கத்தி பிடித்ததால் வந்தது, குலதெய்வத்துக்குச் செய்யாமல் விட்டதால் வந்தது என்று பெற்றவளைக் குத்திக்காட்டுவார்கள். அதில் எதுவும் காரணமில்லை. ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து) பற்றாக்குறை, கட்டுக்குள் வராத சர்க்கரை, வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மருந்து போன்றவைதான் ஆபத்தைக் கூட்டும் என்று தெரிந்தவை. வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். கல்யாணம் நிச்சயமானதும் டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்.

*

ஃபோலிக் அமிலத்தின் கதையில் சென்னைத் திருவல்லிக்கேணி இரண்டு தடவை வருகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே மில் வேலைக்குப் போகும் கர்ப்பிணிகள் ஒருவகைக் கடும் ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். சோற்றில்தான் குறை என்று சந்தேகித்து, குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் விலங்குகளை வைத்துச் சோதித்தார். 1931-இல் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். இன்றைக்கு அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. பழைய ஆட்களுக்கு இன்னமும் கோஷாதான். ஈஸ்டிலிருந்து செய்யும் மலிவான மார்மைட்டைக் கொடுத்ததும் கர்ப்பிணிகளின் ரத்தம் ஊறியது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1941-இல் அமெரிக்காவில் 4 டன் பசலைக்கீரையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் என்று பெயரிட்டார்கள். 1945-இல் அதை ஆய்வகத்திலேயே செய்து காட்டிய லெடர்லி நிறுவனக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதற்காக முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். அந்தச் சின்ன மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இந்த இருவரும் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள்.

*

கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் ஃபோலேட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். சூட்டிலும் குறையும். கீரை தினமும் வேண்டும்தான், ஆனால் கர்ப்பத்துக்கு முன் மாத்திரைக்கு அது மாற்றாகாது.

*

ரேஷன் அரிசியில் "பிளாஸ்டிக் அரிசி" கலந்திருக்கிறது என்று பொறுக்கி எறிந்தீர்களா? கழுவும்போது மிதந்த அந்தச் சில மணிகள் செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிழிந்து மணியாக்கியவை. நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கிறார்கள். பொறுக்கி எறிந்தால் சத்தையே எறிந்த மாதிரி.

*

பச்சைப்பிள்ளையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டிதான் வீட்டின் முதல் டாக்டர். குப்புறப் போடும்போது முதுகின் அடிப்பகுதியை ஒரு நிமிஷம் பாருங்கள். தனியாக ஒரு முடிக்கற்றை, மெத்தென்ற கட்டி, சிவந்த மச்சம், ஆழமான குழி இருந்தால் உள்ளே தண்டுவடம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிட்டப் பிளவை ஒட்டிய சின்னக் குழி பெரும்பாலும் ஒன்றுமில்லை. என்றாலும் காட்டிவிடுவது நல்லது. நடக்கப் பழகிய பிள்ளை பிறகு கால் இழுத்து நடந்தாலும், நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கினாலும் தள்ளிப்போடாதீர்கள்.

*

உள்வளைந்த பாதத்தோடு பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் பெரிய ஆபரேஷன் தேவையில்லை. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய இக்னேசியோ பொன்செட்டி காட்டிய வழி இது. வாரம் ஒரு தடவை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மாவுக்கட்டு; ஐந்தாறு கட்டில் பாதம் நேராகிவிடும். பலருக்குக் குதிகால் தசைநாணில் சின்ன வெட்டு ஒன்று வேண்டியிருக்கும். அத்தனையும் முடிந்தபின்தான் சோதனை. கம்பியால் இணைத்த ஷூக்களை முதல் 3 மாதம் நாள் முழுக்கவும், பிறகு நாலு வயதுவரை தூங்கும்போதும் போட வேண்டும். "பிள்ளை அழுகிறது" என்று கழற்றிவைக்கும் வீட்டில்தான் பாதம் திரும்பவும் வளைகிறது. பொன்செட்டி பிறந்த ஜூன் 3 இப்போது உலக வளைபாத தினம்.

*

கூன் விழுவது பிறவியால் மட்டுமல்ல, முதுகெலும்புக் காசநோயாலும் வரும். மருந்தால் நோய் ஆறியதும் வேலை முடிந்தது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ்.ராஜசேகரன், சென்னையில் சிகிச்சை பெற்ற குழந்தைகளை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001-இல் எழுதிய கட்டுரை அந்த எண்ணத்தை மாற்றியது. நோய் முழுக்க ஆறிய பிறகும் வளரும் வயதில் 39 சதவீதத்தினருக்குக் கூன் கூடிக்கொண்டே போயிருந்தது. 44 சதவீதத்தினருக்கு வளர்ச்சியே அதைக் குறைத்தது. யாருக்குக் கூடும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் நாலு எக்ஸ்ரே அடையாளங்களையும் அவர் காட்டினார். நம் ஊர்ப் பிள்ளைகளின் முதுகிலிருந்து கிடைத்த இந்த அறிவை இன்று உலகமெங்கும் எலும்பு மருத்துவர்கள் படிக்கிறார்கள். "நல்லாயிடுச்சு" என்று டாக்டர் சொன்ன பிறகும், பிள்ளை உயரம் வளர்ந்து நிற்கும்வரை வருஷா வருஷம் காட்டவேண்டும்.

*

ஸ்பைனா பிஃபிடா குழந்தைகள் பலருக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும். அதை வயிற்றுக்கு வடிக்கும் ஷன்ட் குழாயை, உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் ச்சாப்ரா என்ற பெயரில் மலிவாகச் செய்கிறார்கள். உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் அதையும், பத்து மடங்குக்கும் மேல் விலையுள்ள வெளிநாட்டுக் குழாயையும் ஒப்பிட்டு 2005-இல் முடிவு வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்ததில் வித்தியாசமே இல்லை.

*

தாயின் வயிற்றுக்குள்ளேயே முதுகை மூட முடியும். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 26 வாரத்துக்கு முன் அப்படித் தைத்த குழந்தைகளில் ஷன்ட் தேவைப்பட்டவர்கள் 40 சதவீதம், பிறந்தபின் தைத்தவர்களில் 82. ஆனால் குறைப்பிரசவ ஆபத்து அதிகம்.

*

ஸ்பைனா பிஃபிடா பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் ரப்பர் பலூன் வேண்டாம். சிறு வயதிலிருந்தே ஆபரேஷன் அறையின் ரப்பர் கையுறைகள் பட்டுப்பட்டு, பலருக்கு ரப்பர் ஒவ்வாமை வந்துவிடுகிறது.

*

பள்ளிக்கூடத்தை இவர்கள் விடுவதற்குக் காலைவிடப் பெரிய காரணமாகச் சிறுநீர் வாடை இருந்துவிடுகிறது. 1972-இல் அமெரிக்க டாக்டர் ஜாக் லேபிடிஸ் ஓர் எளிய வழி சொன்னார்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான மெல்லிய குழாயால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரை எடுத்துவிடுவது. சிறுநீரகம் பிழைக்கும், உடுப்பு நனையாது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை தானே செய்துகொள்ளும். அதற்குத் தாழ்ப்பாள் போட்ட ஒரு கழிப்பறையும் ஒரு குழாய்த் தண்ணீரும் வேண்டும். இதைக்கூடத் தராமல் ஒரு குழந்தையின் படிப்பை நிறுத்துவது எனக்கு ஆறவே மாட்டாத விஷயம்.

*

வேலூர் சி.எம்.சி.யில் 1966-இல் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் முதுகொடிந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவிய எஸ்.ராமகிருஷ்ணனும் 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். சின்னக் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கிராமங்களில் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை இந்தச் சங்கம் வீடு வீடாகச் செய்கிறது.

*

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வண்டியில் வருகிறது. தண்டுவடக் குறை, வளைபாதம், அன்னப்பிளவு, இதயக் கோளாறு என்று 30 வகை நிலைமைகளைப் பார்ப்பார்கள். மேல்சிகிச்சை இலவசம், வயது 18 வரை. நடக்கமாட்டாத பிள்ளை அங்கன்வாடிக்கே வந்திருக்காது, அதனால் அவர்கள் கண்ணிலும் படாது. உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், வண்டி வருகிற தேதியை டீச்சரிடம் கேட்டு, அன்றைக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.