விடாமுயற்சியின் விளைச்சல் – ஸ்டீவ் நாஷின் இளமைக் காலம்



கனடாவிலே வளரும் எமது சிறார்களுட் பலர் கூடைப்பந்தாட்டத்திற் பெருவிருப்புடையவர்கள். தமிழ் வகுப்பு முடிந்த மறுகணமே புத்தகப் பையுடன் பந்தையும் தூக்கிக்கொண்டு ஓடுவோரை நாம் வாரந்தோறும் காண்கின்றோம். பெற்றோரில் ஒரு சாரார் இவ்விளையாட்டைக் கல்விக்குப் பகையெனக் கருதுகின்றனர். பிள்ளைகளில் ஒரு சாராரோ, பந்தைக் கையிலெடுத்தாற் புகழ் தானே வந்து சேருமென நம்புகின்றனர். இவ்விரு எண்ணங்களும் எத்துணை பொருந்தும் என்பதை ஆராய, இந்நாட்டில் வளர்ந்து உலகப் புகழ் பெற்ற ஸ்டீவ் நாஷ் என்பவரின் தொடக்க காலத்தை இங்கு எடுத்துக்கொள்வோம்.

கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஐவர் ஆடுவர். அவர்களுள், பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, எதிரணியின் காவலில் எங்கே இடைவெளி உண்டெனக் கண்டு, உரிய வேளையில் உரியவரிடம் பந்தைச் சேர்ப்பிப்பவர் 'பொயின்ற் கார்ட்' எனப்படுவார். தேருக்குச் சாரதி எப்படியோ, அணிக்கு இவர் அப்படி. இவர் கொடுத்த பந்தைப் பெற்றவர் உடனே கூடையிற் போட்டுப் புள்ளி பெற்றால், அது 'அசிஸ்ற்' என இவரது கணக்கில் எழுதப்படும். நாஷ் ஆடியது இவ்விடத்திலேயே.

நாஷ் 1974ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி தென்னாபிரிக்காவின் ஜோகன்னஸ்பேர்க் நகரிற் பிறந்தார். தந்தையார் உதைபந்தாட்ட வீரர். நிறவெறி ஆட்சியின் கீழ்த் தம் பிள்ளைகளை வளர்க்க விரும்பாத பெற்றோர், மகனுக்கு ஒன்றரை வயதாயிருக்கையிற் கனடாவுக்குப் பெயர்ந்தனர். முதலில் றெஜைனாவிலும், பின்னர் பிரித்தானியக் கொலம்பியாவின் விக்டோரியாவிலும் குடியமர்ந்தனர். அவர்கள் எம்மைப்போல் உயிர் தப்பி ஓடி வந்தவர்கள் அல்லர். வெள்ளையர் என்பதால் அவ்வாட்சியில் அவர்களுக்கு வாழ வழியிருந்தது. ஆயினும், 'எம் பிள்ளைகள் எத்தகைய சூழலில் வளர வேண்டும்?' என்னும் வினா அவர்களையும் இடம்பெயரச் செய்தது. அவ்வினாவின் பாரத்தை நாம் நன்கறிவோம்.

சிறுவயதில் நாஷ் உதைபந்தாட்டத்திலும் ஐஸ் ஹொக்கியிலுமே ஈடுபட்டிருந்தார். கூடைப்பந்தாட்டத்தைத் தொடங்கியது 12, 13 வயதளவிலேயே. எட்டாம் வகுப்பிற் படிக்கும்போதே, தாம் ஒருநாள் என்.பி.ஏ. எனும் வட அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தில் ஆடப்போவதாகத் தாயாரிடம் கூறினாராம். பின்னர் படிப்பிற் பெறுபேறுகள் சரியத் தொடங்கின. பெற்றோர் பந்தைப் பறிக்கவில்லை, சென். மைக்கல்ஸ் யூனிவேர்சிற்றி ஸ்கூல் என்னும் தனியார் பாடசாலைக்கு மகனை மாற்றினர். அப்பாடசாலை அணி 1992ஆம் ஆண்டில் மாகாண வெற்றிக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. நாஷ் மாகாணத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார்.

இத்தனை இருந்தும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிப் பயிற்றுநர் இயன் ஹைட்-லே முப்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களுக்குக் கடிதங்களையும் ஒளிப்பதிவு நாடாக்களையும் அனுப்பினார். இறுதியிற் புலமைப்பரிசில் வழங்க முன்வந்தது ஒன்றேயொன்று: கலிபோர்னியாவின் சான்ரா கிளாரா பல்கலைக்கழகம். அதன் பயிற்றுநர் டிக் டேவி நேரிலே வந்து பார்த்து அவரைச் சேர்த்துக்கொண்டார்.

1993ஆம் ஆண்டு மார்ச் மாதம், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தேசியப் போட்டியில், 15ஆவது தரநிலையிலிருந்த சான்ரா கிளாரா, 2ஆவது தரநிலையிலிருந்த அரிசோனாவைச் சந்தித்தது. ஆட்டத்தின் இறுதி 30 விநாடிகளில், எதிரணியின் தவறுக்காக வழங்கப்படும் தடையற்ற எறிகளில் ஆறினைத் தொடர்ச்சியாக நாஷ் கூடையிற் போட்டார். 64–61 என்ற கணக்கிற் சிறிய பல்கலைக்கழகம் வென்றது. அப்பொழுது அவர் முதலாம் ஆண்டு மாணவர். சமூகவியலைப் பாடமாகக் கற்றுப் பட்டமும் பெற்றார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

1996ஆம் ஆண்டு என்.பி.ஏ. தெரிவில் பீனிக்ஸ் அணி அவரை 15ஆவது வீரராகத் தெரிவு செய்தது. பெயர் கேட்டறியாத ஒருவரா என அந்நகர ரசிகர்கள் கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டினர். அணியில் ஏற்கெனவே கெவின் ஜோன்சன் இருந்தார். சில மாதங்களில் ஜேசன் கிட்டும் வந்து சேர்ந்தார். இருவரும் பேர்பெற்ற கார்ட்டுகள். ஆகவே, நாஷ் பெரும்பாலும் ஓரத்து இருக்கையிலேயே காத்திருந்தார். முதலாம் ஆண்டில் ஆட்டமொன்றுக்கு அவர் பெற்ற சராசரிப் புள்ளிகள் 3.3 மட்டுமே. 1998இல் டலஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கும் முதற் பருவத்தில் உடல் உபாதையும் தடுமாற்றமும் சேர்ந்து வாட்டின. சொந்த நகர ரசிகர்களே அவரை ஏளனம் செய்தனர்.

மாற்றம் மெல்ல மெல்லவே வந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிற் கனடிய அணிக்குத் தலைமை தாங்கினார். அணி ஏழாம் இடம் பெற்றது. அடுத்து வந்த பருவத்தில் அவரது சராசரி 15.6 புள்ளிகளாகவும் 7.3 அசிஸ்ற்றுகளாகவும் உயர்ந்தது. 1990இன் பின் முதன்முறையாக டலஸ் அணி இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. 2002இல் நட்சத்திர வீரர் ஆட்டத்திற்குத் தெரிவானார். பின்னர் மீண்டும் பீனிக்ஸ் அணிக்கு ஆடி, 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2015இல் ஓய்வு பெற்றபோது அவரது கணக்கில் 10,335 அசிஸ்ற்றுகள் இருந்தன.

இவ்வரலாற்றைப் படித்த பிள்ளைகள் எல்லோரும் தொழில்முறை வீரராகிவிடலாம் என நாம் கூறவரவில்லை. அங்ஙனம் ஆவோர் மிகச் சிலரே. பந்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது பிறருக்குக் கொடுத்தவர் உயர்ந்தார் என்பதையும், ஏளனம் கேட்ட ஆண்டுகளிலும் பயிற்சியை அவர் கைவிடவில்லை என்பதையும் மாணவர்கள் மனத்திற் கொள்வார்களாக. பெற்றோர், விளையாட்டா கல்வியா என ஒன்றை வெட்டாது, இரண்டையும் ஒருசேர நடத்திச் செல்லும் வழியைத் தேடுவார்களாக.

ஆசிரியராகிய எம் நெஞ்சில் நிலைத்து நிற்பவை அப்பயிற்றுநர் எழுதிய கடிதங்களே. ஊரிற் பணிபுரிந்த காலத்தில் நாமும் மாணவர்களுக்காகக் கடிதங்கள் எழுதியதுண்டு. பதில் வருமுன்னே போர் அவர்களைத் திசைக்கொருவராகச் சிதறடித்தது. திறமையிருந்தும் ஒரு கதவேனும் திறவாமற் போனவர் பலர். அவர்களுக்குக் கிட்டாத அமைதியும் வாய்ப்பும் இங்கே எமது பிள்ளைகளுக்குக் கிட்டியுள்ளன. அவர்கள் பொருட்டு முப்பது கடிதம் எழுத வேண்டின், பெற்றோரும் ஆசிரியரும் சலியாது எழுதுவோமாக.