அசையும் அசலம்

மலைக்கு வழங்கும் பெயர்களுள் அசலம் என்பதும் ஒன்று. அசையாதது என்பது அதன் பொருள். நிலமகளுக்கும் அசலை என்னும் பெயருண்டு. நிகண்டு பயின்ற மாணவர் இவற்றை நன்கறிவர். ஆயின் சப்ரகமுவ மலைச்சரிவுகளில் வாழ்வோர்க்கு இப்பெயரின் பொருத்தத்திலே ஐயம் உண்டாதல் இயல்பே. 2003 மே 17 இல் இரத்தினபுரி மாவட்டத்தை வெள்ளமும் மண்சரிவும் ஒருங்கே தாக்கின. 2016 இல் அதே மே 17 அன்று, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் புதைத்தது. அன்றே புளத்கொஹுபிட்டியவில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பொன்றும் மண்ணுள் மறைந்தது.

மலையை நெகிழச் செய்வது பெருமழை. அம்மழையைக் கொணரும் முகிலே மலையை மூடியும் விடுகின்றது. ஆதலின் கதிரவன் ஒளியால் படம்பிடிக்கும் செய்மதி, வேண்டும் நாளிலேதான் காணமாட்டாததாகின்றது. இக்குறையை நீக்குவது நுண்ணலை. அது முகிலை ஊடுருவும். பகலும் இரவும் அதற்கு ஒன்றே.

இதன் பெரும்பயன் முதலில் விளங்கியது துருவப் பனிநிலங்களிலே. ஆங்கே திங்கட் கணக்காய் நீளும் இரவில் ஒளிப்படத்துக்கு இடமேது? கடல்நீரும் கடற்பனியும் இயல்பாய் வெளியிடும் நுண்ணலைகள் தம்முள் வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கொண்டு 1978 முதல் துருவக் கடற்பனியின் பரப்பு இடையறாது அளக்கப்பட்டு வருகின்றது. வடதுருவப் பனி 2012 செப்டெம்பரில் அதுவரை காணாத அளவுக்குச் சுருங்கியதை உலகம் அறிந்தது இவ்வாறே.

மற்றொரு முறையும் உண்டு. செய்மதி தானே நுண்ணலையை ஏவி, நிலத்திற் பட்டு மீள்வதை ஏற்கும். சில நாள் கழித்து அதே வழியில் வந்து மீண்டும் ஏவும். இருமுறையும் மீண்ட அலைகளின் முகடுகள் பொருந்தாவிடின், இடையிலே நிலம் நகர்ந்துள்ளது என்பது துணிபு. அலையின் நீளம் சில சென்ரிமீற்றரே ஆதலின், அதனினும் சிறிய நகர்வும் புலனாகும். அந்தாட்டிக்காவின் ரட்ஃபோர்ட் பனியாறு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் நகர்வதை 1993 இல் அறிஞர் இம்முறையால் காட்டினர். பனியின் நடையை அளந்த அதே கோல், மெல்ல நழுவும் மலையையும் அளக்கவல்லது.

ஆயினும் நம் மலைகள் வெறும் பாறையல்ல. தேயிலையும் இறப்பரும் போர்த்தவை. 2014 இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்மதி சென்டினெல் 1 இன் அலைநீளம் ஏறத்தாழ 5.6 சென்ரிமீற்றர். அவ்வலை பெரும்பாலும் இலைகளிலேயே சிதறிவிடும். 2025 யூலை 30 இல் சிறீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட நிசார் செய்மதியோ 24 சென்ரிமீற்றர் அளவான அலையையும் உடையது. அது இலையைக் கடந்து மண்ணை எட்டும் ஆற்றல் மிக்கது. 12 நாளுக்கு ஒருமுறை அதே வழியில் மீண்டு வருவது.

ஆனால் மலை இடிந்து வீழ்வதற்குச் சில நிமிடங்களே போதும். பன்னிரு நாளின் இடைவெளியிலே என்ன நிகழாது? செங்குத்துச் சரிவின் மறைவில் அலை படாத இடங்களும் உள. ஆகவே செய்மதியின் கண்ணோடு சரிவில் வாழ்வோரின் கண்ணும் சேர்தல் வேண்டும். நிலத்திற் புதிதாய்த் தோன்றும் வெடிப்பு, சாயும் மரம், இறுகித் திறவாத கதவு, திடீரெனக் கலங்கும் ஊற்றுநீர் ஆகியன மலை அசைவதன் அறிகுறிகள். இவற்றைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அவர்தம் மொழியிலே கற்பித்தல் ஆசிரியர் கடன்.

எச்சரிக்கை விடுப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி. அதனைக் கேட்டு வெளியேறும் தொழிலாளிக்குச் செல்லுமிடம் வேண்டுமன்றோ? தலைமுறைகளாய் லயன் அறையிலே வாழ்ந்தும் சொந்தமாய் ஒரு பேர்ச் காணியும் இல்லாதார் இன்னும் பலர். மலை எத்துணை நகர்ந்தது என்பதை நுண்ணலை கூறும். அதனடியில் வாழ்வோர் உறுதியான நிலத்துக்கு நகரும் வழியை அமைத்துக் கொடுத்தல் ஆள்வோர் கடமை.