சிமெண்டுத் தளம் ஏன் வெடிக்கிறது?



சேமநிதிப் பணத்தைப் போட்டு வீடு வாங்கியதும் நாம் முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று, சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்திற்குக் காங்கிரீட் போடுவது. மழைநீர் சுவரின் காலடியில் இறங்காமல் கால்வாய்க்கு ஓட வேண்டும் அல்லவா? அதற்காகத்தான். அந்தத் தளமே வெடித்துவிட்டால் நீர் உள்ளே இறங்கி மண் இளகும். கறையானுக்கும் வழி திறக்கும். சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்று கொத்தனாரிடம் சண்டைக்குப் போகிறோம். பல வீடுகளில் குறை சிமெண்டில் இல்லை, இடைவெளி விடாததில்தான் இருக்கிறது.

காங்கிரீட் காயும்போது சுருங்கும். பிறகு பகல் வெயிலில் விரியும், இரவில் மறுபடி சுருங்கும். பத்து மீட்டர் நீளத் தளம் 25 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அற்பம்தான். ஆனால் நகர இடமின்றிச் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் தளத்தை உடைக்க அந்த அற்பமே போதும்.

ஆகவே சுவருக்கும் தளத்திற்கும் நடுவே, தளத்தின் முழு ஆழத்திற்கும் அரை அங்குலம் விட வேண்டும். அந்த இடத்தில் தார் ஊறிய நார்ப்பலகை, தக்கை, நுரைப்பலகை ஆகியவற்றில் ஒன்றை வைக்கலாம். நசுங்கிக் கொடுப்பதுதான் இதன் வேலை. சாந்து பூசி அடைத்தால் இடைவெளி விட்டதே வீண். வெறும் மரப்பலகை கறையானுக்கு விருந்து. மேலே அரை அங்குல ஆழம் விட்டு, இளகும் தாரோ சிலிக்கோனோ ஊற்றி மூட வேண்டும். இல்லாவிட்டால் கல்லும் மணலும் புகுந்து, தளம் விரியும்போது ஓரங்களை நொறுக்கிவிடும்.

சுருக்கத்திற்கு வேறு வழி. தளம் இறுகுமுன் நான்கரை அடிக்கு ஒரு கோடு கிழிக்கச் சொல்லுங்கள். நான்கு அங்குலக் கனத்திற்கு ஓர் அங்குல ஆழம். அப்போதும் வெடிக்கும், ஆனால் அந்தக் கோட்டுக்கு அடியிலேயே நேராக வெடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஏழு நாள் ஈரக் கோணி போர்த்துவதையும் மறக்க வேண்டாம்.

விரிவதும் சுருங்குவதும் பாலங்களுக்கும் உண்டு. 1957-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரில் பெல்ஹாம் பாலத்தைத் தாங்க இயற்கை ரப்பர் அடைகளை வைத்தார்கள். பாலம் நீளும்போது ரப்பர் வளைந்து கொடுக்கும். நாம் சீவுகிற அதே இனப் பால்மரத்தின் ரப்பர்தான் அது!

ஏற்கெனவே வெடித்த தளத்தில் வெறும் சிமெண்டைக் கரைத்துப் பூசினால் மறுபடியும் பிளக்கும். வெடிப்பைத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சிலிக்கோனைப் பிதுக்கி அடையுங்கள். மழைக்காலத்திற்கு முன்பே செய்துவிடுங்கள்.